கவிழ்த்து வைத்த உறைக்கிண்ணம்

போன வாரம் ரஞ்சிதத்தைப் பின்கட்டுக் கொட்டகையில் உட்கார வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். பாவம், மாதத்தில் மூன்று நாள் அவளுக்கு அங்கேதான் வாசம். ஒரு பாய், ஒரு சொம்பு, ஒரு தட்டு. வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது, அடுப்பைத் தொடக் கூடாது, தயிர்ச்சட்டி பக்கம் நிழல்கூடப் படக் கூடாது.

அந்த மூன்று நாளில் வீட்டுக்குள் என்னவோ நடந்திருக்கிறது. என்ன என்று அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில் கிணற்றடியில் தலை முழுகி, உலர்ந்த புடவை மாற்றிக்கொண்டு அவள் சமையற்கட்டுக்குள் நுழைகிறாள். அவள் பின்னாலேயே போய்ப் பார்த்துவிடுவோம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. இது திருத்தணியில் மலையடிவாரத்துத் தெரு. வீடு தறிக்காரர் கோதண்டத்தினுடையது. மனைவி தாயாரம்மாள். ஒரே மகன் பரந்தாமன், யுத்தத்தில் நூல் கிடைக்காமல் தறி நின்றுபோனதால் பட்டாளத்தில் சேர்ந்து அஸ்ஸாம் பக்கம் ரோடு போடப் போயிருக்கிறான். நாலு மாதமாக அவனிடமிருந்து கடுதாசி இல்லை. அவன் பெண்டாட்டிதான் நம் ரஞ்சிதம். அவன் தங்கை ஜெயம்மாளுக்கு இரண்டு இடம் கூடி வந்து தட்டிப் போய், மூன்றாவதாகப் பொதட்டூர்பேட்டையில் வரன் குதிர்ந்திருக்கிறது. முகூர்த்தத்துக்கு இன்னும் ஒன்பதே நாள். இன்று பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் பூ வைக்க வருகிறார்கள். மத்தியானச் சாப்பாடு இங்கே.

சமையற்கட்டில் இன்னும் சரியாக வெளிச்சம் வரவில்லை. தரையில் பின்வாசலிலிருந்து அடுப்புவரை ஈரக் கால்தடம் இருந்தது. தன் தடம்தானா என்று குனிந்து பார்த்தாள். இல்லை. விரல் விலகிய அகலப் பாதம், அத்தையுடையது. இவளுக்கு முன்பே அத்தை தலை முழுகியிருக்கிறாள். எப்போது முழுகினாள், கிணற்றில் வாளிச் சத்தமே கேட்கவில்லையே என்று ரஞ்சிதம் யோசித்தாள்.

உறியில் தயிர்ச்சட்டி கனத்துத் தொங்கியது. நல்லதாகப் போயிற்று, அத்தை மறக்காமல் தோய்த்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே இறக்கி மூடியைத் தள்ளினாள். ஆடை கட்டி, ஒரு சுருக்கமில்லாமல், தயிர் நின்றிருந்தது. விரல் நுனியில் ஒரு பொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள்.

அது அவளுடைய தயிர் இல்லை.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். தயிரில் என்ன உன்னுது என்னுது என்று கேட்கிறவர்கள் ஒரு நாளும் தங்கள் கையால் பால் காய்ச்சித் தோய்த்திருக்க மாட்டார்கள். ரஞ்சிதம் கல்யாணமாகி வந்தபோது அம்மையார்குப்பத்திலிருந்து அவள் அம்மா ஒரு வெண்கலக் கிண்ணத்தில் உறை ஊற்றித் துணியால் வாய்கட்டிக் கொடுத்தனுப்பினாள். அந்த உறைதான் ஐந்து வருஷமாக இந்த வீட்டில் நடக்கிறது. பாலைக் குறுகக் காய்ச்சி, சுண்டுவிரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆற வைத்து, வைகாசி வெயிலுக்கு அரைக் கரண்டி உறை, மார்கழிக் குளிருக்கு ஒரு கரண்டி. ஒவ்வொரு நாள் தயிரிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து மறுநாளுக்கு அந்தக் கிண்ணத்தில் வைப்பாள். ஐந்து வருஷத்தில் ஒரு நாள் அது அறுந்ததில்லை. கண்ணைக் கட்டிவிட்டு நாக்கில் வைத்தாலும் அவளுக்கு அது தெரியும்.

இந்தத் தயிரில் புளிப்பு இல்லை. சப்பென்று இருந்தது. விழுங்கின பிறகு தொண்டைக்கு அடியில் லேசாக ஒரு கரகரப்பு தங்கியது.

உறைக்கிண்ணத்தைத் தேடினாள். அடுக்குப்பலகையில் வழக்கமான இடத்திலேயே இருந்தது. ஆனால் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தது.

ரஞ்சிதம் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஏன் என்று சொல்கிறேன். இந்தப் பக்கத்து வீடுகளில் உறைக்கிண்ணத்தை எந்தக் காரணத்துக்கும் கவிழ்க்க மாட்டார்கள். காலியானால் அடுத்த வீட்டில் ஒரு கரண்டி வாங்கி ஊற்றி வைப்பார்கள். சாவு விழுந்த வீட்டில் மட்டும்தான் தயிர், மோர், உறை எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிக் கவிழ்ப்பார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு பிறந்த வீட்டிலிருந்து புது உறை வரும்.

அத்தை பின்வாசலில் வந்து நின்றாள். ரஞ்சிதம் கையில் இருந்த சட்டியைத்தான் முதலில் பார்த்தாள். பார்த்ததும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

"தோய்ச்சது யாரு அத்தே?"

"நான்தான். வேற யாரு?" என்றாள் தாயாரம்மாள்.

கேட்ட கேள்விக்குப் பதில் அவ்வளவு சீக்கிரம் அவளிடமிருந்து வந்ததே கிடையாது. கிண்ணம் ஏன் கவிழ்ந்து கிடக்கிறது என்று கேட்டதற்குப் பூனை தட்டிவிட்டது என்றாள். எந்தப் பூனை அத்தே என்று கேட்பதற்குள் நூறு வேலை இருக்கிறது, பூசணிக்காயை நறுக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கிணற்றடியில் வாளி விழும் சத்தம் கேட்டது. மறுபடியும் தலைக்கு ஊற்றிக்கொள்கிறாள்.

ஜெயம்மாள் எழுந்து வந்தாள். கல்யாணப் பெண்ணுக்கு ராத்திரி தூக்கமில்லை போலிருக்கிறது, கண் இரண்டும் வீங்கியிருந்தது. கையில் மல்லிகைச் சரம். அண்ணியைத் திருப்பி உட்கார வைத்து, ஈரத் தலையென்றும் பார்க்காமல், ஒரு முழத்தையும் அவள் கொண்டையிலேயே சுற்றினாள். உனக்கு வேண்டாமா என்றால், எனக்குத்தான் அவங்க கொண்டாறாங்களே என்றாள்.

வேலை ஓட ஆரம்பித்தது. ரஞ்சிதம் துவரம்பருப்பை ஊறப்போட்டாள். தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் சேர்த்து அரைத்தாள். மோர்க்குழம்புக்குப் பூசணித் துண்டை வேகவிட்டு, தயிரைக் கடைய எடுத்தாள். தினமும் கைக்குப் பழகிய வேலை, மனசு வேறெங்கோ இருந்தாலும் கை தப்பாது. அன்று தப்பியது. கரண்டி சட்டியின் அடியில் எதிலோ தட்டியது.

எடுத்துப் பார்த்தாள். மிளகாய்க் காம்பு. துழாவினால் இன்னொன்று. மொத்தம் ஏழு காம்பு, வர மிளகாயிலிருந்து கிள்ளியது.

உறையே இல்லாமல் தயிர் தோய்க்க ஒரு வழி உண்டு என்று அவளுக்குத் தெரியும். வெதுவெதுப்பான பாலில் மிளகாய்க் காம்பைப் போட்டு மூடி வைத்தால் எப்படியோ தோய்ந்துவிடும். அத்துவானக் காட்டில் தங்குகிறவர்கள் அப்படிச் செய்வார்கள். தெருவில் இருபது வீடு, இருபதிலும் உறை இருக்கும்போது எதற்கு? குரல் கொடுத்தால் அடுத்த வீட்டுத் தேவகி கிண்ணத்தோடு ஓடி வருவாள்.

வருவாள். வந்து, உங்க உறை இன்னா ஆச்சு என்று கேட்பாள்.

அந்தக் கேள்விக்குப் பயந்துதான் யாரோ மிளகாய்க் காம்பைக் கிள்ளியிருக்கிறார்கள். ரஞ்சிதம் அந்த ஏழு காம்பையும் கழுவி முந்தானை முனையில் முடிந்துகொண்டாள். ஏன் முடிந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

வீட்டில் மாமா இருக்கிறார். அத்தை, ஜெயம்மாள், அவள். நாலு பேரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அப்புறம் யாருக்காக உறையைக் கொட்டினார்கள்? வீட்டில் இல்லாத ஒருவரைப் பற்றி நினைப்பு வந்தது. சீ, நாக்கு அழுகிப் போகும் என்று தன்னையே திட்டிக்கொண்டு மோர்க்குழம்பைக் கிளறினாள். நுரைத்து வரும்போதே இறக்க வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். நல்ல வேளை, திரியவில்லை.

சோறு வெந்ததும் அத்தை உள்ளே வந்தாள். யாரும் கேட்காமல், யாருக்கும் போடும் முன்பே, ஒரு பிடி சோற்றில் அந்தத் தயிரை ஊற்றிப் பிசைந்து பின்புறச் சுவரின்மேல் வைத்தாள். இன்று அமாவாசை இல்லை, திதி இல்லை. கா கா என்று கூப்பிடவும் இல்லை. காகம் ஒன்று ஏற்கெனவே சுவரின்மேல் உட்கார்ந்திருந்தது. அத்தை கையை எடுப்பதற்குள் சாப்பிட ஆரம்பித்தது. அத்தை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அது ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டு, பறந்து போகாமல், வீட்டு உட்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

ரஞ்சிதம் ஜன்னலைச் சாத்தினாள். தாழ்ப்பாள் இரண்டு தடவை வழுக்கிவிட்டது.

மத்தியானம் பொதட்டூர்பேட்டையிலிருந்து இரண்டு வில்வண்டி வந்து நின்றது. பிள்ளையின் அப்பா பக்தவச்சலம் பேசாத மனிதர். அவர் பங்கையும் சேர்த்துப் பேச அவர் சம்சாரம் வள்ளியம்மாள் இருந்தாள். நல்ல மனுஷி, வஞ்சகமில்லாதவள். வந்ததும் வராததுமாக ஜெயம்மாளின் முகத்தைத் தடவி, தலையில் பூ வைத்து, எங்க வூட்டு மகாலட்சுமி என்று சொல்லி, எல்லாரையும் ஐந்து நிமிஷத்தில் சொந்தமாக்கிக்கொண்டாள். இதுவரை தட்டிப்போன இரண்டு இடமும் இவள் கால்தூசிக்கு வராது என்று கோதண்டத்துக்குப் பூரிப்பு.

பந்தியில் கோதண்டம்தான் ஓயாமல் பேசினார். பையன் லீவு கேட்டிருக்கிறான், கல்யாணத்துக்குக் கட்டாயம் வந்துவிடுவான், ரயில் கல்கத்தாவிலிருந்து இரண்டு நாள், வந்தால் நேரே மலையேறிச் சாமி பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான் என்று ஏதேதோ சொன்னார். நாலு மாதமாகக் கடுதாசியே இல்லாதபோது லீவு எங்கிருந்து வந்தது என்று ரஞ்சிதத்துக்கு வியப்பில்லை. மனசில் ஆசை இருந்தால் மாமா அதை நடந்ததாகவே சொல்வார். அவர் பேசப் பேச அத்தை அவர் இலையைப் பார்க்கவே இல்லை, மோர்க்குழம்பு ஊற்றிய இடத்திலேயே மறுபடியும் ஊற்றினாள்.

தயிர் வடை, வெள்ளரிப் பச்சடி, கடைசியில் தயிர் சாதம். வள்ளியம்மாள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"இன்னாம்மா இது, கத்தி வச்சு வெட்டலாம் போல கீது. எங்க வூட்ல உறை கெட்டுப் போச்சும்மா, தண்ணியா நிக்குது. ஒரு கிண்ணம் உறை குடுத்தனுப்பு, ஒங் கையால. மருமவ வர்றதுக்கு முன்னாடி அவ வூட்டுத் தயிரு வந்து உக்காரட்டும்."

பந்தியில் எல்லாரும் நல்ல வார்த்தை என்று தலையாட்டினார்கள்.

ரஞ்சிதம் அத்தையைப் பார்த்தாள். காலையிலிருந்து நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருந்ததற்கு இப்போது ஒரு முடிவு கிடைக்கும் என்று தோன்றியது. பூனை தட்டியது நிஜமென்றால் அத்தை சந்தோஷமாகக் கொடு என்பாள். உள்ளே போய் வெண்கலக் கிண்ணத்தை நிமிர்த்தி, சட்டியில் மிச்சமிருந்த தயிரை அதில் ஊற்றிக்கொண்டு வந்தாள். மெதுவாகத்தான் வந்தாள். அத்தை பொய் சொல்லவில்லை என்று தெரிந்துகொள்ள அவளுக்கு அவ்வளவு ஆசை.

வள்ளியம்மாள் கை நீட்டினாள். கிண்ணம் அந்தக் கையை எட்டுவதற்குள் தாயாரம்மாள் குறுக்கே வந்து பிடுங்கிக்கொண்டாள். தயிர் சிந்தி அவள் முழங்கைவரை வழிந்தது.

"இது வேணாம்."

பந்தி அப்படியே நின்றுவிட்டது. வள்ளியம்மாளின் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. தாயாரம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை பாருங்க, வெள்ளிக்கிழமையில் வீட்டு வெள்ளையை வெளியே அனுப்பினால் லட்சுமி கூடப் போய்விடுவாள், நாளைக்கு நானே ஆள் மூலமாக அனுப்புகிறேன் என்றாள். அதுவும் சரிதான் என்று வள்ளியம்மாள் கையை மடக்கிக்கொண்டாள். நல்ல மனுஷி என்று சொன்னேனே.

ஆனால் போன வெள்ளிக்கிழமை தேவகிக்குக் கரண்டி உறை எடுத்துக் கொடுத்தது இதே தாயாரம்மாள்தான். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையும்.

ரஞ்சிதம் பந்தியை விட்டுவிட்டுப் பின்பக்கம் நடந்தாள். அவள் மூன்று நாள் இருந்த அதே மாட்டுக் கொட்டகையில் நின்றாள். அத்தை பின்னாலேயே வந்தாள், கையில் இன்னும் அந்தக் கிண்ணம். கொளுத்துகிற வெயிலில் தெருவே அடங்கிக் கிடந்தது. மலைமேல் உச்சிக்கால மணி அடித்து ஓய்ந்தது.

"சாப்பிட்டது செரிச்சுப் போயிடும் ரஞ்சிதம்," என்றாள் தாயாரம்மாள். "உறை போனா அந்த வூட்லயே உக்காந்துக்கும். எம் பொண்ணு வாழப்போற வூடு அது."

"அத்தே, அவருக்கு இன்னா?"

தாயாரம்மாள் இடுப்பிலிருந்து ஒரு பழுப்புக் காகிதத்தை எடுத்தாள். எட்டாக மடித்தது, வேர்வையில் நைந்து போயிருந்தது. கொடுக்கவும் இல்லை, திருப்பிச் செருகவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை தபால்காரர் கொடுத்ததாம். இங்கிலீஷ் எழுத்து. ஊரில் யாரிடம் கொடுத்தாலும் அடுத்த நிமிஷம் தெரு முழுக்கத் தெரியும் என்று, வேண்டுதல் என்று பொய் சொல்லிப் புதன்கிழமை திருவாலங்காட்டுக்குப் போயிருக்கிறாள். கோயில் வாசலில் முகம் தெரியாத ஒரு வாத்தியாரைப் படிக்கச் சொன்னாளாம். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, நீங்க பெத்த தாயாம்மா என்று கேட்டாராம். பரந்தாமன் போய்ச் சேர்ந்து முப்பத்தைந்து நாள் ஆகிவிட்டது. இங்கே இவர்கள் கல்யாணத்துக்கு மஞ்சள் இடித்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அவன் இல்லை.

ரஞ்சிதத்துக்கு அழுகை வரவில்லை. கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஊட்டுக்கு வந்ததும் உறையைக் கொட்டினேன். அதயாவது செய்யணும்ல. பெத்தவ வேற ஒண்ணும் செய்யல," என்றாள் தாயாரம்மாள். "தெரிஞ்சா கல்யாணம் ஒரு வருஷம் நிக்கும்மா. இதுவும் போச்சுன்னா அவளுக்கு அப்புறம் யாரும் வரமாட்டாங்க. ஒம்போது நாளு. ஒம்போது நாளு வாய மூடிகினு இரு. அதுக்கப்புறம் நீ அழு, நானும் அழறேன். ஊரே கேக்கற மாதிரி அழுவோம்."

பெற்ற வயிறு எப்படி எரிகிறதோ என்று ரஞ்சிதத்துக்கு இரக்கமாகவும் இருந்தது. அவளை அப்படியே கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டு நாள். இரண்டு நாளாக இவளை விதவையாகக் கொட்டகையில் உட்கார வைத்து, தட்டில் சோறு தள்ளிவிட்டு, முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருக்கிறாள். எதைக் கேட்பது என்று தெரியாமல், கொட்டினவங்க எதுக்கு மறுபடியும் தோய்ச்சீங்க என்று கேட்டாள்.

தாயாரம்மாளின் முகம் மாறியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"நான் தோய்க்கலம்மா. நேத்து சாயங்காலம் பாலைக் காய்ச்சி வெறுமனே வச்சேன். காலைல மோர்க்காரிகிட்ட வாங்கிக்கலாம்னு. வெடிஞ்சு பார்த்தா சட்டி நெறைய நிக்குது."

"அப்புறம் யாரு?"

"அவன்தான் வந்துட்டுப் போயிருக்கான். வூட்ல விசேஷம்னா அவனுக்குத் தயிரு வேணும்ல. அதான் கொட்ட மனசு வரல. காக்கா பாத்தியா, கூப்பிடாமயே வந்துச்சு."

அதைச் சொல்லும்போது தாயாரம்மாள் சிரித்தாள். ஒரே ஒரு கணம் ரஞ்சிதமும் நம்பினாள். நம்பவே ஆசைப்பட்டாள். அடுப்படிக்கு வந்து நின்றானா, பின்கட்டுக் கொட்டகையில் நான் படுத்திருந்ததைப் பார்த்தானா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்புறம் கை தானாக முந்தானை முடிச்சுக்குப் போயிற்று. போனவனுக்கு மிளகாய்க் காம்பு எதற்கு?

அத்தையிடம் அவள் அதைக் காட்டவில்லை. அந்த மனசுக்கு இப்போது அது ஒன்றுதான் ஆறுதல், இருந்துவிட்டுப் போகட்டும். நேராக உள்ளறைக்குப் போனாள்.

ஜெயம்மாள் தலை நிறையப் பூவோடு கண்ணாடி முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரஞ்சிதம் கதவை ஒருக்களித்துவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஏழு காம்பையும் அவள் மடியில் போட்டாள்.

ஜெயம்மாள் அதைப் பார்த்தாள். திடுக்கிடவில்லை.

"எப்ப தெரியும் ஒனக்கு?" என்றாள் ரஞ்சிதம்.

"அம்மா உறையைக் கொட்டினப்ப," என்றாள் ஜெயம்மாள். "கிணத்தடியில கொட்டிட்டு, புடவைய வாயில திணிச்சுகினு உக்காந்துச்சு. வேற யாருக்கு அண்ணி அப்படிக் கொட்டும்?"

அம்மாவுக்குத் தெரியாமல் ராத்திரியெல்லாம் அழுதிருக்கிறாள். நேற்று சாயங்காலம் பால் ஆறுவதற்குள் காம்பைக் கிள்ளிப் போட்டிருக்கிறாள். அண்ணி காலையில் உள்ளே வரும்போது சட்டியில் தயிர் இல்லாமல் இருந்தால் கேள்வி வரும், கேள்வி வந்தால் எல்லாம் உடையும் என்று. தோய்த்தால் போதும் என்று நினைத்திருக்கிறாள். அண்ணியின் நாக்கை மறந்துவிட்டாள்.

"கூடப் பொறந்தவன் போயிட்டான்னு தெரிஞ்சும் பூ வச்சுகினு உக்காந்திருக்கியே. எப்படி மனசு வந்துச்சு?" ரஞ்சிதம் இதைக் குரலை உயர்த்திக் கேட்கவில்லை.

ஜெயம்மாள் காம்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"என் கல்யாணத்துக்காகன்னு நெனைக்கிறீங்க. இல்ல அண்ணி. உங்க தலைல இன்னும் ஒம்போது நாளு பூ இருக்கட்டும்னுதான். அப்புறம் உங்கள இன்னா பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? இப்பவே நிறுத்தணும்னா ஒரு வார்த்த சொல்லுங்க. நானே எழுந்து போய் அவங்ககிட்ட சொல்லிடறேன்."

ரஞ்சிதம் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவன் பட்டாளத்துக்குப் போனதிலிருந்து ஒரே பாயில் படுத்து, ஐந்து வருஷமாக ஒரே சீப்பில் தலை வாரிய பெண். இவள் சொல்வது நிஜமா, அல்லது கல்யாணத்தைக் காப்பாற்றிக்கொள்ள நினைக்கிற பெண்ணின் சாமர்த்தியமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. இரண்டுமாக இருந்தாலும் இருக்கும். பதில் சொல்ல ரஞ்சிதம் வாயைத் திறந்தாள்.

வாசலிலிருந்து மாமாவின் குரல் கேட்டது. சம்பந்தி வீட்டார் புறப்படுகிறார்கள், வண்டி பூட்டியாகிவிட்டது, மருமகள் வந்து குங்குமம் கொடுக்கட்டும் என்று கூப்பிட்டார். வீட்டு மருமகள் கையால் குங்குமம் வாங்காமல் எந்தச் சுமங்கலியும் படி இறங்க மாட்டாள்.

ஜெயம்மாள் தலையைத் தூக்கி அண்ணியைப் பார்த்தாள்.

ரஞ்சிதம் குங்குமச்சிமிழை எடுத்துக்கொண்டு நடையைக் கடந்தாள். ஓட்டமில்லாத தறி ஓரமாகக் கிடந்தது. அதில் பாதி நெய்த துணியை நாலு மாதம் முன்புவரை துடைத்து வைத்தவள் அவள்தான். இன்று அதன் பக்கம் திரும்பாமல் போனாள்.

வள்ளியம்மாள் வாசல்படியில் நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றாள். விரலைச் சிமிழில் தோய்க்கப் போன ரஞ்சிதம் பாதியில் நிறுத்திக்கொண்டாள். இந்த நல்லவளின் நெற்றியில் என் கை படக் கூடாது. சிமிழை அப்படியே நீட்டி, நீங்களே எடுத்துக்கோங்க என்றாள். அத்தை உள்வாசலில் வந்து நின்றிருந்தாள்.

"ஏம்மா, ஒங் கையால வைக்க மாட்டியா?"

"கையெல்லாம் தயிருங்க," என்றாள் ரஞ்சிதம்.

கை இரண்டும் காய்ந்துதான் இருந்தன. வள்ளியம்மாள் அதைப் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே தானே குங்குமம் எடுத்து இட்டுக்கொண்டாள். எனக்குக் கை சுத்தமாத்தான் கீது, நீ வா என்று ரஞ்சிதத்தின் தலையைத் தன் பக்கம் சாய்த்து, நெற்றியில் ஒரு பொட்டும் வகிட்டில் ஒரு கோடும் அழுத்தி வைத்தாள். குங்குமத்தூள் மூக்கின்மேல் உதிர்ந்தது.

"கட்டினவன் நல்லபடியா கல்யாணத்துக்கு வந்து சேரணும். வந்துடுவான்ல?"

தெருவில் கோதண்டம் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, சந்தோஷமாக, மருமகள் பதிலுக்காகத் திரும்பிப் பார்த்தார். நடையில் ஜெயம்மாள் வந்து நின்ற கொலுசுச் சத்தம் கேட்டது. அத்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆங்," என்றாள் ரஞ்சிதம். "வந்துடுவாருங்க."